மனையின் பூர்வோத்தரம்

வேளாங்கண்ணிச் சுற்றுப்புறத்தில் வீடு கட்ட எண்ணும் அங்கத்தினர்கள், கொத்தனாரை அழைக்குமுன், அம்மனை முன்னர் யாதாயிருந்தது என ஊர்ப் பெரியோரிடம் விசாரித்தறிதல் நலம் என்பது நம் அபிப்பிராயம். குளமா, வடிகாலா, பண்ணையாட்களின் குடியிருப்பா?

இது வீண் ஆராய்ச்சியன்று. மிராசுதார் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்தோர் அவர் முகம் கோணினால் வெளியேற வேண்டியிருந்த காலமுண்டு. 1968 டிசம்பர் 25 இரவில், கூலித் தகராறு முற்றிய கீழவெண்மணியில், 44 பேர் ஒரு குடிசைக்குள் தீக்கிரையாயினர். விவசாயத் தொழிலாளருக்குக் குடியிருக்கும் மனையையே உரிமையாக்கும் சட்டம் 1971-இல்தான் வந்தது. அத்தகைய பட்டா இன்றும் பாட்டன் பெயரிலேயே கிடக்க, பேரன் வீட்டுக் கடனுக்கு மனுக் கொடுத்தால் சங்கம் என் செய்யும்? முதலில் பெயர் மாற்றம், பிறகே செங்கல்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் கொண்டு சென்றது. பின்னர் எழுந்த தளவீடுகள் உறுதியானவையே. 2018 நவம்பரில் கஜா புயலுக்குக் கூரையிழந்தோர்க்குத் தளத்தின் அருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் திண்ணையும் முற்றமும் வேப்பநிழலும் பலவிடத்து ஒழிந்தன. தறியை எங்கே இறக்குவது? நெல்லை எங்கே உலர்த்துவது? வரைபடம் போட்டவர் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை!

மேட்டில் கட்டுங்கள், திண்ணைக்கு நாலடி விடுங்கள். தூர்த்த குளத்து மனையை மட்டும், எத்துணை மலிவாய்க் கிடைப்பினும், வாங்க வேண்டா.