528 பேரில் 58 பேர்: மாதேஸ்வரன் மலையின் தேர்தல் கணக்கு

சாமராஜநகர் மக்களவைத் தொகுதியின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் பட்டியலாகவே சொல்லப்படுகிறது. பட்டியல் இனத்தாருக்கான இத்தனித்தொகுதியில் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் எஸ்.எம். சித்தய்யா வென்றார். 1980 முதல் 2019 வரையிலான காலத்தில் வி. சீனிவாச பிரசாத் மூன்று கட்சிகளின் சார்பில் ஆறு முறை வெற்றி பெற்றார். இப்பட்டியலில் மாதேஸ்வரன் மலையின் காட்டூர்களுக்கு இடமில்லை. தேர்தல்கள் அம்மக்களுக்கு எதைக் கொண்டுவந்தன என்று கேட்டால், அதே வரலாறு வேறொன்றாகத் தெரியும்.

சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களிலிருந்து திரளான பக்தர்கள் செல்லும் இம்மலை, கொள்ளேகால் வட்டத்தின் பகுதியாகக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1952 பொதுத்தேர்தலில் இங்குள்ளோர் சென்னை மாநில வாக்காளர்கள். 1956 நவம்பர் 1 முதல் மைசூர் மாநிலத்தவராயினர். 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மலையும் அதனுடன் சென்றது. இன்று மலை ஹனூர் சட்டமன்றத் தொகுதியில் உள்ளது. மக்களவைத் தொகுதியின் எட்டுச் சட்டமன்றப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. ஆட்சி எல்லைகள் பலமுறை மாறியும், காட்டுக்குள் இருக்கும் சிற்றூர்களுக்குச் செல்லும் வழி காட்டுப்பாதையாகவே நீடித்தது.

ஒவ்வொரு வாக்கும் முக்கியம் என்பதற்கு இந்தியா முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் முடிவு இம்மாவட்டத்தில்தான் நிகழ்ந்தது. 2004 சட்டமன்றத் தேர்தலில் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஆர். துருவநாராயணா 40,752 வாக்குகளும் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751 வாக்குகளும் பெற்றனர். ஒரே வாக்கு முடிவைத் தீர்மானித்தது. அதே துருவநாராயணா 2019 மக்களவைத் தேர்தலில் சீனிவாச பிரசாத்திடம் 1,817 வாக்குகளில் தோற்றார்.

இத்தகைய தொகுதியில்தான் 2024 ஏப்ரல் 26 அன்று இண்டிகநத்தா வாக்குச்சாவடியில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உடைக்கப்பட்டது. சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியவை கிடைக்காததால் தேர்தலைப் புறக்கணிப்பதாக ஊரார் அறிவித்திருந்தனர். அவர்களை வாக்களிக்க வைக்க அதிகாரிகள் முயன்றபோது மோதல் மூண்டது. ஏப்ரல் 29 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. 528 வாக்காளர்களுள் 58 பேர் மட்டுமே வாக்களித்தனர். ஆறு முறை இத்தொகுதியை வென்ற சீனிவாச பிரசாத் அதே நாளில் காலமானார்.

வாக்களிக்காத 470 பேரின் எண்ணிக்கை, 2019இன் வெற்றி வித்தியாசத்தில் கால் பங்கிற்கும் மேல். 2024இல் சுனில் போஸ் 1,88,706 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அதில் அந்த 470 நானூற்றில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு காட்டூரின் பேரம்பேசும் வலிமை, போட்டி எவ்வளவு நெருக்கமானது என்னும் தற்செயலைப் பொறுத்திருக்கிறது. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட தொகுதியில் அவ்வூரின் தேவைகளை வாக்கெண்ணிக்கைக்கு விட்டுவிடுவது நியாயமாகாது.

இயந்திரத்தை உடைத்ததை நியாயப்படுத்த முடியாது. வாக்களிக்க விரும்பிய அயலாரின் உரிமையும் அதனுடன் உடைக்கப்பட்டது. ஆயினும் அச்செயலைக் கண்டிப்பதோடு விவாதத்தை முடித்துக்கொள்வது வசதியான மறதி. வாக்குப்பதிவு பழுதுபட்டபோது மூன்று நாட்களுக்குள் புதிய இயந்திரமும் அலுவலர்களும் காவலர்களும் அவ்வூரை அடைந்தனர். அரசு அங்குச் செல்ல முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

காட்டுயிர்ச் சரணாலயத்தில் சாலையமைப்பது எளிதன்று என்பது உண்மை. காடும் காக்கப்பட வேண்டும். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கென்றே ஒரு வழியைத் தருகிறது. அதன் 3(2) பிரிவின்படி பள்ளி, குடிநீர், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். ஆக, காடா சாலையா என்னும் கேள்வியே பெரிதும் தேவையற்றது. அளவோடு செய்வதற்கான சட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இருக்கிறது.

அன்று நடந்ததைத் ‘தேர்தல் புறக்கணிப்பு’ என்று செய்திகள் எழுதின. புறக்கணித்தவர்கள் யார், புறக்கணிக்கப்பட்டவர்கள் யார் என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் கர்நாடக அமைச்சரவையே மாதேஸ்வரன் மலையில் கூடியது. கோயில் வரை வந்த அரசு, அங்கிருந்து காட்டூர்களின் கிராம சபைகள் வரை செல்ல வேண்டும். அவற்றின் பரிந்துரைகளைக் கேட்டு, காலவரையறையுடன் விடையளிக்க வேண்டும். அடுத்த தேர்தலில் அச்சாவடியில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்பது அதன் பிறகு தானே தெரியவரும்.