கணக்கில் வராத மன்னார்க் கடல்

விதைநெல்லை விற்றுக் காசாக்கிவிட்டு, "இவ்வாண்டு எமக்கு என்றுமில்லாத வருமானம்" என்று மார்தட்டும் கமக்காரனை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும்? குடிகேடன் என்றுதான் அழைக்கும். முதலை எடுத்து விழுங்கிவிட்டு அதனை இலாபம் என்று எழுதிவைக்கும் வணிகனை எந்தக் கணக்காய்வாளரும் மன்னிக்கமாட்டார். ஆயின், ஓர் அரசாங்கமே இக்காரியத்தைச் செய்யும்பொழுது அதற்குப் 'பொருளாதார வளர்ச்சி' என்று பெயர் சூட்டப்படுகின்றது. மந்திரிமார் அதனைப் பாராளுமன்றத்தில் வாசிக்கின்றனர். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிடுகின்றன. மன்னார்த் தீவினதும் அதன் கரையோரத்தினதும் கடற்செல்வம் இவ்விதமே கணக்கெழுதப்படுகின்றது என்று நாம் குற்றஞ்சாட்டுகின்றோம்.

குற்றஞ்சாட்டுவோர் அதனை விளக்கவும் கடமைப்பட்டவர். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஆண்டுதோறும் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணித்து வெளியிடுகின்றது. பேசாலையில் கரையேறும் மீன் விலைபோனதும் அதன் பெறுமதி அக்கணக்கில் ஏறுகின்றது. அம்மீன் குஞ்சாய் வளர்ந்த கண்டற்காடோ, இரைதேடிய கடற்புற்றரையோ, ஒதுங்கி நின்ற பாரோ அக்கணக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆலையின் இயந்திரம் தேய்ந்தால் அத்தேய்மானத்தைக் கழித்துத் தேறிய உற்பத்தியைக் காட்டும் வழக்கம் உண்டு. கடலடி தேய்ந்தால் ஒரு சதமேனும் கழிக்கும் வழக்கம் இல்லை. கண்டலை வெட்டி விறகாக விற்றால் வருமானம். வெட்டாது காத்தால் சூனியம். இதுதான் இவர்கள் போற்றும் பொருளியல்!

1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்துத் தலைமன்னாரையும் தாக்கிய சூறாவளியை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாளில் அலையின் வேகத்தைத் தணிக்கக்கூடியவை கண்டலும், பவளப் பாரும், மணற்றிட்டியுமே. தணிந்த வேகத்துக்கு எவரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை. ஆகவே அது கணக்கில் இல்லை. ஆனால் அரண் அழிந்து, புயல் புகுந்து, வீடுகள் வீழ்ந்து, அவற்றை மீளக் கட்டுவதற்குப் பணம் செலவிட்டால், அச்செலவு உற்பத்தியாகக் கணக்கில் ஏறிவிடுகின்றது! காவற்காரனுக்குக் கூலி இல்லை. கள்வன் உடைத்த கதவைத் திருத்தும் தச்சனுக்கு மட்டும் கூலி என்பது போன்றது இது.

இக்கணக்கின் கேட்டை உணர மன்னார் மக்கள் வேற்றுநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகை, அரிப்புக் கரையில் இடிந்து நிற்கின்றது. அதைப் பார்த்தாலே போதும். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. கொழும்பின் பேரேட்டிலே அது பொன்னான ஆண்டு. மறு ஆண்டிலேயே முத்துப் பார்கள் ஆண்டுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வாடகைக்கு, 20 வருடக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கொம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907ஆம் ஆண்டுக்குப் பின்னர் பார்கள் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. கொம்பனியும் குத்தகைக் காலம் முடியுமுன்னரே கலைந்தது. நீரோட்டமும், சிப்பியைத் தின்னும் மீன்களும் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாயின என்பர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் 25 இலட்சத்தை வரவில் எழுதிய பேரேட்டில், கடலில் எஞ்சிய சிப்பி எவ்வளவு, அது பெருகுகின்றதா அருகுகின்றதா என்று காட்ட ஒரு பத்தியேனும் இருந்ததா?

இதில் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. அன்னியன் ஆட்சியில் முத்துப் பார்களைச் சோதிப்பதற்கென்றே ஓர் உத்தியோகத்தர் இருந்தார். குளிப்புக்கு முன் சுழியோடிகளை இறக்கி, பாரில் உள்ள சிப்பியின் தொகையையும் வயதையும் மதிப்பிட்டார்கள். விற்பதற்காகவேனும் அவர்கள் எண்ணினார்கள். சுதந்திரம் பெற்ற நாட்டின் அரசாங்கங்களோ, விற்பதற்கு முன்னரும் எண்ணவில்லை. விற்ற பின்னரும் எண்ணவில்லை.

எண்ணாததன் விளைவு என்ன? விடத்தல்தீவைப் பாருங்கள். கண்டலும் கடற்புல்லும் சேற்றுநிலமும் சேர்ந்த அப்பரப்பு 2016ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. எட்டே ஆண்டுகள்! 2024 மே மாதத்தில், நீருயிர் வளர்ப்பின் பொருட்டு அதில் 168 ஹெக்டேரை விடுவித்து வேறொரு வர்த்தமானி வெளிவந்தது. சூழலியலாளர் வழக்குத் தொடுத்து, நாட்டின் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததாலன்றோ அந்நிலம் தப்பியது! இறால் வளர்ப்பினால் இத்தனை டொலர் வரும் என்று சொல்ல அமைச்சில் கணக்கு உண்டு. அந்த 168 ஹெக்டேர் கண்டலும் சேறும் மன்னார் மீனவரின் வலைக்கு ஆண்டுதோறும் என்ன கொடுக்கின்றன என்று சொல்ல எந்த அமைச்சிலும் ஏடு இல்லை. ஒரு தட்டில் டொலர், மறு தட்டில் வெறுமை என்றால் தராசு எப்பக்கம் சாயும்?

தெற்கே புத்தளத்தில் இவ்வியாபாரம் முன்னரே நடந்து முடிந்தது. கண்டலை அழித்து இறால் குளங்கள் தோண்டினார்கள், ஏற்றுமதி பெருகியது, கணக்கும் பெருகியது. 1990களில் வெண்புள்ளி நோய் வந்தது. குளங்கள் பல கைவிடப்பட்டன. இறால் விற்ற காசு அந்தந்த ஆண்டின் வருமானத்தில் நிற்கின்றது. போன கண்டலும், உவரேறிப் பாழ்பட்ட நிலமும் எந்த ஆண்டின் செலவிலும் இல்லை.

மன்னார்த் தீவின் நிலையும் வேறன்று. சுமார் 130 சதுர கிலோமீற்றர்ப் பரப்புள்ள தாழ்ந்த மணற்றீவு இது. மணலுக்குள் தங்கும் மழைநீரே கிணறுகளின் நன்னீர்; அதன் கீழே உவர்நீர். அம்மணலில் இல்மனைட் இருக்கின்றதென்று அன்னியக் கொம்பனி துளையிட்டுப் பார்த்தது. இல்மனைட்டுக்கு உலகச் சந்தையில் விலை உண்டு, கிணற்று நீருக்கு இல்லை. 2011ஆம் ஆண்டில் மன்னார்ப் படுகையில் கெயர்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது. அதனைக் கொண்டு நாட்டின் கடனை அடைக்கலாம் என்று மேடைகளில் முழங்கினார்கள். கடலடிக்குக் கீழே கிடப்பதற்கு டொலரில் மதிப்பு! கடலடியின் மேலே வளர்வதற்கு மதிப்பே இல்லை!

காற்றாலைக்கு நாம் பகைவரல்லர். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' 30 விசிறிகளுடன் 103.5 மெகாவாற்று மின்சாரம் தரவல்லது; நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் 2010ஆம் ஆண்டிலேயே ராம்சார் ஈரநிலமாக உலகம் ஏற்றுக்கொண்ட வங்காலைச் சரணாலயமும், அதனை நாடி மத்திய ஆசிய வான்வழியே வரும் பறவைகளும், வெள்ளநீர் வடியும் வழிகளும் அதே ஏட்டின் மறுபக்கத்தில் எழுதப்படவேண்டும் என்கின்றோம். 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் மணல் அகழ்வையும் புதிய காற்றாலைகளையும் எதிர்த்துத் தெருவில் திரண்டபொழுது, அவர்களை அபிவிருத்தியின் எதிரிகள் என்றோர் உண்டு. மறுபக்கம் வெறுமையாய் உள்ள ஏட்டைக் காட்டிக் கையொப்பம் கேட்டால், அறிவுள்ளவன் மறுக்கத்தான் செய்வான்.

கடலுக்கு அப்பாலும் இதே பிழைதான். இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் அள்ளும் இறால் இந்திய நாட்டின் உற்பத்தியில் ஏறுகின்றது. அம்மடி சுரண்டிச் சென்ற கடற்புல்லும், அறுத்துச் சென்ற மன்னார் வலைகளும் இரு நாடுகளின் கணக்கிலும் இல்லை. இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. ஆயினும் சட்டம் மடியை நிறுத்தவில்லை. மடியை இழுப்பவனும் தமிழன். வலையிழந்து நிற்பவனும் தமிழன். இருவருக்கும் பொதுவான முதல் கரைந்துகொண்டிருப்பதைக் காட்டும் ஒரே கணக்கு இருக்குமாயின், பேச்சுவார்த்தை மேசையில் வெறும் ஆத்திரத்துக்குப் பதிலாக ஆதாரம் இருக்கும். மன்னார் வளைகுடாவில் தமிழ்நாட்டின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. சுண்ணாம்புக்காகப் பவளத்தை அகழ்ந்தமை அதற்கு ஒரு முக்கிய காரணம். அகழ்ந்த பவளம் வருமானமாக எழுதப்பட்டது. மூழ்கிய தீவு எங்கே எழுதப்பட்டது?

கணக்கு இல்லாதவன் நீதிமன்றத்திலும் தடுமாறுவான். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலின் நட்டத்துக்கு 100 கோடி டொலர் செலுத்துமாறு 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கப்பல் எரிந்த பின்னரே, இறந்த ஆமையையும் பாழான கரையையும் எண்ணி விலைமதிக்கக் குழுக்கள் அமைக்கவேண்டியதாயிற்று. அதே 2025ஆம் ஆண்டில் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் மன்னார்க் கரையிலும் ஒதுங்கின. நேற்று அக்கரையில் என்ன இருந்தது என்ற ஏடு இல்லாதவன், இன்று எதனை இழந்தேன் என்று எங்ஙனம் நிரூபிப்பான்?

இது நடவாத காரியம் என்பார்க்கு உலகம் விடை கூறிவிட்டது. சுற்றாடலையும் பொருளாதாரத்தையும் இணைத்துக் கணக்கெழுதும் முறையை ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழு 2012இல் ஏற்றது. காடு, கடல், ஈரநிலம் ஆகியவற்றின் பரப்பையும் நலத்தையும் அவை தரும் பயனையும் எழுதும் முறையை 2021இல் ஏற்றது. 2025 மார்ச்சில் ஏற்கப்பட்ட புதிய தேசியக் கணக்கு முறையோ, இயற்கை வளம் எடுத்துத் தீர்க்கப்படுவதை உற்பத்திச் செலவாகவே கொண்டு, தேறிய உற்பத்தியில் கழிக்கச் சொல்கின்றது. அவுஸ்திரேலியா தன் கண்டலையும் கடற்புல்லையும் சேர்த்த சமுத்திரக் கணக்கொன்றை 2022இல் வெளியிட்டது. வழி உண்டு, மனந்தான் இல்லை.

கடலுக்கு விலை குறித்தால் கடலையே விற்றுவிடுவார்களே என்று நல்லெண்ணத்துடன் அஞ்சுவோரும் உளர். அவர் அச்சத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் விலை குறிக்கப்படாததாலேயே இன்று கடல் சும்மா போகின்றது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவேண்டும். நாம் கேட்பது விலைச்சீட்டன்று, ஐந்தொகை. எத்தனை ஹெக்டேர் கண்டல், எவ்வளவு கடற்புல், பாரின் நலம் எவ்வாறு, சென்ற ஆண்டினும் கூடியதா குறைந்ததா என்பது முதலில் எழுதப்படட்டும். பணமதிப்பு அதன் பின்னர். சிலவற்றுக்குப் பணமதிப்பே வேண்டாம். தாலியையும் நகைப்பெட்டியின் கணக்கில் எழுதிவைக்கின்றோம், விற்பதற்காகவா?

கடன்பட்ட நாட்டுக்கு இவ்வாடம்பரம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று கைவிரித்த நாடு இது. கடன்பட்ட குடும்பமே தன் முதல் எவ்வளவு என்று முதலில் அறியவேண்டும். அறியாத குடும்பத்தின் விதைநெல்லைத்தான் கடன்காரன் முதலில் கேட்பான்.

ஆகவே நாம் கோருவது இது. மன்னார் மாவட்டத்தின் கரையையும் கடலையும் பற்றிய இருப்புக் கணக்கு ஆண்டுதோறும் எடுக்கப்படவேண்டும். மன்னார் மாவட்டச் செயலகத்தில், தமிழில், எவரும் பார்க்கக்கூடியதாக வைக்கப்படவேண்டும். அதனை எடுப்பதில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் பல்கலைக்கழகத்தாருக்கும் இடம் இருக்கவேண்டும். கடலடியை அறிந்தவன் கடலோடியே. அக்கணக்கில் இழப்பு எவ்வளவு என்று எழுதப்படாமல், இறாலுக்கோ மணலுக்கோ எரிவாயுவுக்கோ காற்றுக்கோ அனுமதி வழங்கப்படலாகாது.

கட்டுக்கரைக்குளத்து நீரில் வயல் விளைப்போர், கடற்கணக்கு நமக்கு எதற்கு என்று ஒதுங்கவேண்டாம். கண்டலும் மணற்றிட்டியும் போனால் உவர்நீர் அடுத்துத் தேடிவருவது வயலையே. கற்றறிந்த பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் இவ்வேட்டை எழுத முன்வரட்டும். எழுதத் தெரிந்தவன் வாய்மூடியிருந்தால், எழுதப்படாதது களவுபோகும். குளத்தின் நீர்மட்டத்தை நாள்தோறும் பார்த்துப் போகத்துக்கு நீர் பகிரும் மக்கள் நாம். அந்த அறிவைக் கடலுக்கும் கொடுக்குமாறு அரசாங்கத்தைக் கேட்கின்றோம். கேட்டுக் கிடைக்காவிடின், ஏட்டை நாமே திறப்போம்.