"படிக்க முடியவில்லை" என்று சொல்லத் தெரியணும்

கணக்குப் புத்தகத்தில் நடுவே ஒரு பக்கம் தண்ணீரில் ஊறி மை கலைந்துபோயிருக்கிறது. ஆடிட்டர் என்ன செய்யலாம்? முன்பின் பக்கங்களைப் பார்த்து ஒரு தொகையை ஊகித்து எழுதலாம். சைபர் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். இல்லையென்றால் "இந்தப் பக்கத்தை என்னால் சரிபார்க்க முடியவில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். காமர்ஸ் படிக்கும் யாரைக் கேட்டாலும் கடைசி வழிதான் சரி என்பார்கள். (பரீட்சையிலாவது அப்படித்தான் எழுதுவார்கள் :-))

இதே கேள்வி கம்ப்யூட்டரின் கெர்னலுக்கும் வருகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு இடம் கெட்டுப்போய்விட்டது. அந்த இடத்தில் இருக்கும் ஃபைலை ஒரு புரோகிராம் கேட்கிறது. கெர்னல் என்ன பதில் சொல்ல வேண்டும்? காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு கெர்னலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கென்னவோ இது அச்சு அசல் ஆடிட்டிங் பேப்பர் கேள்வியாகத்தான் தெரிகிறது.

லினக்ஸையே எடுத்துக்கொள்வோம். ஃபைலைக் கேட்கும் புரோகிராம் நேராக டிஸ்க்கிடம் பேசுவதில்லை. கெர்னலில் வி.எஃப்.எஸ். என்று ஒரு பொது கவுன்டர் இருக்கிறது. அங்கே கொடுத்த விண்ணப்பம் எக்ஸ்ட்4 மாதிரியான ஃபைல்சிஸ்டத்துக்குப் போய், அங்கிருந்து பிளாக் லேயர், டிரைவர் என்று இறங்கி டிஸ்க்கை அடைகிறது. வந்த டேட்டா மெமரியில் ஒரு பக்கத்தில் வைக்கப்படுகிறது. அந்தப் பக்கம் "சரியாக வந்து சேர்ந்தது" என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. டிஸ்க் கைவிரித்துவிட்டால் அந்த அடையாளம் விழாது. அது விழாத பக்கத்தை கெர்னல் புரோகிராமிடம் நீட்டாது. ஈ.ஐ.ஓ. என்ற பிழை எண்ணைத்தான் கொடுக்கும். திரையில் நாம் பார்க்கும் "இன்புட்/அவுட்புட் எரர்" இதுதான். (விண்டோஸ்காரர்களுக்கு "சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று ஒரு பயமுறுத்தல் வரும், கீறல் விழுந்த சி.டி.யை காப்பி செய்து பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.)

நூறு கேபி கேட்டு முதல் நாற்பது நன்றாக வந்து அதற்குப் பிறகு கெட்டுப்போயிருந்தால், "நாற்பதுதான் வந்தது" என்று அதை மட்டும் கொடுக்கும். மறுபடி கேட்டால்தான் பிழை. அதாவது நல்லதைக் கெட்டதோடு சேர்த்துத் தூக்கி எறிவதும் இல்லை. இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சைபர் போட்டுக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். லினக்ஸில் சில ஃபைல்களின் நடுவே உண்மையிலேயே ஓட்டைகள் உண்டு. எதுவுமே எழுதப்படாத பகுதி அது, படித்தால் சைபராக வருவதுதான் முறை. கெட்டுப்போன இடத்துக்கும் சைபர் கொடுத்தால் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? "பாக்கி இல்லை" என்பதும் "பாக்கி எவ்வளவு என்று தெரியவில்லை" என்பதும் ஒன்றா? கடன் கொடுத்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கொள்கை எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டதா என்றால், அதுதான் இல்லை. 2005-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே டிஸ்க் பிழைகளை உண்டாக்கி ஃபைல்சிஸ்டங்கள் என்ன செய்கின்றன என்று சோதித்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். எக்ஸ்ட்3 எழுதும்போது வந்த பிழைகளைப் பல இடங்களில் கண்டுகொள்ளவே இல்லை. ரைசர்எஃப்எஸ் எழுத முடியவில்லை என்றால் மொத்த சிஸ்டத்தையும் நிறுத்திவிட்டது. (அது லினக்ஸ் 6.13-ல் கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது.) விண்டோஸின் என்டிஎஃப்எஸ் சளைக்காமல் திரும்பத் திரும்ப முயன்றது.

2008-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு கட்டுரை. லினக்ஸின் ஃபைல்சிஸ்டம் கோடை அலசியதில், பிழை எண் திரும்பி வரக்கூடிய அழைப்புகளில் சுமார் 13 சதவீதத்தில் அந்த எண் சரிபார்க்கப்படாமலே தொலைந்துபோகிறது என்று கண்டார்கள். கீழே இருக்கிற கிளார்க் "வவுச்சர் இல்லை சார்" என்று சரியாகத்தான் சொல்கிறார். நடுவில் இருக்கிற மேனேஜர் அதை மேலே சொல்லாமல் விழுங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு கெர்னல் எவ்வளவோ மாறியிருக்கிறது, அந்தக் கணக்கை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பிழைகள் பெரும்பாலும் டிஸ்க்கில் பிறந்து நடுவில் இருக்கும் மனிதர்கள் எழுதிய வரிகளில் சாகின்றன என்பதை அந்தக் கட்டுரைதான் எனக்குப் புரியவைத்தது.

இதுவரை பேசியது "முடியவில்லை" என்று ஒத்துக்கொள்கிற டிஸ்க்கைப் பற்றி. பொய் சொல்லும் டிஸ்க் என்றால்? தப்பான டேட்டாவைக் கொடுத்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லும். 2008-ல் வெளியான வேறொரு ஆய்வில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்ததில், செக்சம் ஒத்துப்போகாத சம்பவங்கள் 4 லட்சத்துக்கு மேல் இருந்தன. எக்ஸ்ட்4 தன் சொந்தக் கணக்குகளுக்கு (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற விவரங்களுக்கு) மட்டும்தான் செக்சம் வைத்துக்கொள்ள முடியும். உங்கள் ஃபைலின் உள்ளடக்கத்துக்குக் கிடையாது. டிஸ்க் கொடுத்ததை அப்படியே நம்பி உங்களிடம் நீட்டும். பேரேட்டின் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துவிட்டு வவுச்சரைப் பிரிக்கவே பிரிக்காத ஆடிட்டர்!

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் வவுச்சரையும் பார்க்கிற ரகம். உள்ளடக்கத்துக்கும் செக்சம் உண்டு. ஒத்துப்போகவில்லை என்றால், இன்னொரு பிரதி இருந்தால் அதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கெட்டதையும் திருத்திவிடும். பிரதி இல்லையா? ஈ.ஐ.ஓ.தான்.

சண்டை இங்கேதான். செத்துப்போன பாட்டியின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு பிட் புரண்டுவிட்டது. எக்ஸ்ட்4 என்றால் மூலையில் ஒரு கோடு விழுந்து பாட்டி முகம் தெரிந்திருப்பார். பிடிஆர்எஃப்எஸ் அந்த இடத்தைத் தரவே மாட்டேன் என்கிறது. இது என்ன நேர்மை, யாருக்கு வேண்டும் இது என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனாலும் நான் பிடிஆர்எஃப்எஸ் பக்கம்தான். அந்த ஃபைலில் இருப்பது பாட்டியா பாங்க் கணக்கா என்று கெர்னலுக்குத் தெரியாது. போட்டோவில் ஒரு பிட் போனால் ஒரு கோடு. கணக்கில் போனால் 1,000 ரூபாய் 9,000 ஆகலாம், யாருக்கும் தெரியாமலே. தெரிந்தே "பரவாயில்லை, கெட்டதையே கொடு" என்று கேட்பவருக்கு ஒரு பக்கவாசல் இருந்தால் போதும். 2021-ல் வந்த லினக்ஸ் 5.11-லிருந்து அப்படி ஒரு வாசல் இருக்கிறது. எழுத முடியாதபடி மவுன்ட் செய்து, செக்சமைப் பார்க்காதே என்று சொல்லலாம். கேட்டால்தான் திறக்கும், தானாகத் திறக்காது.

கெர்னல் மேல் எனக்கு இருக்கும் குறை வேறு. அதன் வாய் ரொம்பச் சின்னது. பாங்கில் செக் திரும்பினால் கூடவே ஒரு மெமோ வரும், பணம் போதவில்லையா, கையெழுத்து ஒத்துப்போகவில்லையா என்று காரணத்தோடு. கெர்னலோ கேபிள் கழன்றாலும் ஈ.ஐ.ஓ., செக்டர் செத்தாலும் ஈ.ஐ.ஓ., செக்சம் தப்பினாலும் ஈ.ஐ.ஓ. என்று ஒரே எண்ணைக் கொடுக்கிறது. எந்த பிளாக்கில் கோளாறு என்பது அதன் சொந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் கேட்ட புரோகிராமின் கைக்கு அது வராது. ஃபைலை மெமரியோடு பிணைத்துப் படிக்கும் புரோகிராம்களுக்கு இந்த எண் கூடக் கிடையாது. அங்கே பதில் சொல்லவே இடமில்லாததால் சிக்பஸ் என்ற சிக்னலை அனுப்புகிறது, பெரும்பாலான புரோகிராம்கள் அதிலேயே செத்துவிழும். இருந்தாலும் பொய்யான பக்கத்தைக் கொடுப்பதற்கு இது மேல் என்பேன்.

ஒரு ஃபைல் படிக்க முடியாமல் போனதற்காக மொத்த டிஸ்க்கையும் பூட்ட வேண்டுமா? வேண்டாம். உங்கள் ஃபைலின் உள்ளடக்கம் கெட்டால் அந்த ஃபைலோடு போகட்டும். ஃபைல்சிஸ்டத்தின் சொந்தக் கணக்கே குழம்பியிருந்தால் கதை வேறு. அப்போது கண்டுகொள்ளாமல் தொடர்வதா, படிக்க மட்டும் விடுவதா, சிஸ்டத்தையே நிறுத்துவதா என்பதை எக்ஸ்ட்4 நம்மிடமே விட்டுவிடுகிறது. நான் நடுவில் இருப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன். முடக்கப்பட்ட கணக்கில் பாஸ்புக்கைப் பார்க்கலாம், பணம் எடுக்க முடியாது, அது மாதிரி.

கெர்னல் இவ்வளவு பாடுபட்டுச் சொன்ன உண்மையை நாம் பயன்படுத்தும் கருவிகள் பாழாக்குவதும் உண்டு. லினக்ஸின் சிபி கட்டளையால் ஒரு ஃபைலை காப்பி செய்யும்போது நடுவில் ஈ.ஐ.ஓ. வந்தால் திரையில் ஒரு வரி சொல்லிவிட்டு அந்த ஃபைலைப் பாதியில் விட்டுவிடும். சேருமிடத்தில் பாதி ஃபைல் அதே பெயரில் உட்கார்ந்திருக்கும். அது பாதி என்பதற்கு அந்த ஃபைலில் எந்த அடையாளமும் இருக்காது. திரையை மூடிவிட்டால் அடுத்த வாரம் அது முழு ஃபைல் என்றே நம்புவீர்கள். அதனால் சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூவைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். முதலில் நன்றாக வருவதை எல்லாம் எடுத்துக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எந்தெந்த இடத்தைப் படிக்க முடிந்தது, எதெது முடியவில்லை என்று பக்கத்திலேயே தனியாக ஒரு மேப் ஃபைலில் எழுதியும் வைக்கும். அந்த மேப் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.