யார் பேச்சைக் கேட்டுப் பணம் போடுவது?

வித்துரா:
பொன்முடி, போனக்காடு தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். மாலையில் வித்துரா பேருந்து நிலையத்தில் நிற்கும்போது அவர்கள் கைப்பேசியில் கேட்பது சினிமாப் பாட்டு மட்டுமல்ல. "மாதம் 50 ஆயிரம் சம்பாதிப்பது எப்படி?" என்று தமிழிலும் மலையாளத்திலும் பேசும் நிதி ஆலோசகர்களின் குரலும் கேட்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்வது நல்லதே. வங்கிப் படிவம் நிரப்பவே பிறர் தயவை நாடிய தலைமுறையின் வாரிசுகள் இன்று பரஸ்பர நிதியைப் பற்றி விவாதிக்கிறார்கள். ஆனால் பேசுகிறவர் யார், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்பவர்கள் குறைவு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பாடம் நடத்தியவரே நஷ்டத்தில்

2023 அக்டோபரில் இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான 'செபி' பிறப்பித்த இடைக்கால உத்தரவு ஒன்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இணையத்தில் பிரபலமான நசிருதீன் அன்சாரி, பாடம் நடத்துவதாகச் சொல்லி, பதிவு பெறாமலே பங்கு யோசனை விற்றார் என்று அது கூறியது. அவ்வகையில் வசூலான 17 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. லாபம் கொழிக்கிறது என்று காட்டிக்கொண்ட அவருக்கு, 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை சொந்த வியாபாரத்தில் சுமார் 2 கோடியே 89 லட்சம் ரூபாய் நஷ்டம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. அவர் சம்பாதித்தது சந்தையில் அல்ல, மாணவர்களிடம்.

தமிழ்நாட்டிலும் இதுபோல் ஒரு விவகாரம் உண்டு. பதிவு பெறாமல் ஆலோசனை வழங்கியதாக எழுந்த புகாரில், சென்னையில் பிரபலமான பி.ஆர். சுந்தர் 2023 மே மாதம் செபியுடன் சமரசம் செய்துகொண்டார். புகாரை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 6 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிக் கட்டவும், ஓராண்டு சந்தையிலிருந்து விலகியிருக்கவும் இசைந்தார்.

கேட்டவர்கள் கதி என்ன? 'எஃப் அண்டு ஓ' எனப்படும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று செபி ஆய்வு கூறுகிறது. மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2024-25-லும் 100-க்கு 91 பேருக்கு நஷ்டம்தான்.

மூன்று கேள்விகள்

யாரைப் பின்பற்றுவது என்று முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும்.

முதலாவது: பதிவு எண் உண்டா? இன்ன பங்கை வாங்கு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்ல, செபியின் பதிவு வேண்டும். முதலீட்டு ஆலோசகருக்கு 'ஐ.என்.ஏ.' என்றும், ஆய்வாளருக்கு 'ஐ.என்.எச்.' என்றும் அந்த எண் தொடங்கும். செபியின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

இரண்டாவது: அவருக்கு என்ன லாபம்? கீழே உள்ள இணைப்பில் கணக்கு தொடங்குங்கள் என்றால், அதற்குத் தரகு உண்டா என்று யோசிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் வகுப்பு என்றால், சரக்கு பாடமே தவிரப் பங்கு அல்ல.

மூன்றாவது: நிச்சய லாபம் என்கிறாரா? பங்குச் சந்தையில் அப்படி ஒன்று கிடையாது. 2008-ல் திருவனந்தபுரத்தையே உலுக்கிய 'டோட்டல் ஃபோர் யூ' மோசடியும் கொழுத்த லாபம் என்ற வாக்குறுதியில்தான் தொடங்கியது. அப்போது இன்றுபோல் கைப்பேசியில் காணொளிகள் பரவியிருக்கவில்லை, ஆசை இருந்தது.

கேட்கத் தகுந்தவர்கள்

கேட்கத் தகுந்தவர்களே இல்லை என்பதல்ல. 'அள்ள அள்ளப் பணம்' நூல் வரிசையின் மூலம் பங்குச் சந்தையின் அரிச்சுவடியை எளிய தமிழில் எழுதியவர் சோம. வள்ளியப்பன். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் எம். பட்டாபிராமன், 'ஃப்ரீஃபின்கால்' தளத்தில் ஓய்வுக்கால சேமிப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். காப்பீட்டையும் முதலீட்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்று பல்லாண்டுகளாக எழுதி வருபவர் மோனிகா ஹாலன். நாளைக்கே பணக்காரராகலாம் என்று இவர்கள் ஆசை காட்டுவதில்லை. ஆனாலும் யார் சொன்னாலும் தன் வரவு செலவோடு பொருத்திப் பார்ப்பது அவசியம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நல்ல பெயர் எடுத்தவர்களின் படத்தைப் போட்டே போலி வாட்ஸ்அப் குழுக்கள் நடக்கின்றன. அழைக்காமலே குழுவில் சேர்த்துப் பணம் கேட்டால், அது மோசடி என்றே கொள்ளலாம். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

முதல் முதலீடு

மாதச் சம்பளக்காரருக்கு யாரும் விற்காத யோசனை ஒன்று உண்டு. நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் இருந்தால், அது ஆண்டுக்கு 36 சதவீதம். அந்த அளவு லாபத்தை ஆண்டுதோறும் உறுதியாகத் தரும் பங்கு உலகத்திலேயே இல்லை. ஆகவே அந்தக் கடனை அடைப்பதுதான் முதல் முதலீடு. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வைப்பது இரண்டாவது. பங்கு அதன் பிறகு வரட்டும்.

இதைச் சொன்னால் யாருக்கும் தரகு கிடைக்காது. அதனால்தான் கைப்பேசியில் இது அதிகம் கேட்பதில்லை. சம்பள பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் வருடக்கணக்கில் காத்திருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கையில் வரும் ஒவ்வொரு ரூபாயின் அருமையும் தெரியும். அந்த ரூபாயை முகம் தெரியாதவர் சொல் கேட்டு இழப்பது, அதைச் சம்பாதித்த பெற்றோருக்கும் செய்யும் துரோகம்.