காதுக்கு எட்டாத எண்கள்

வீட்டிலேயே இசை செய்யும் இளைஞர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றிவிட்டது. மிக்ஸ் சரியாக வரவில்லையா, மானிட்டர் ஸ்பீக்கர் போதவில்லை, 5 அங்குலத்தை விற்றுவிட்டு 8 அங்குலம் வாங்கு. ஒலியில் தெளிவில்லையா, மாதிரி வீதத்தில் 44.1 கிலோஹெர்ட்ஸை விட்டு 192க்குப் போ. கருவி நுட்பமானால் காதும் அதே அளவு நுட்பமாகிவிடும் என்பதுதான் இந்த ஆலோசனைகளின் அடிப்படை. இது தவறு. கடன் வாங்கிக் கருவி சேர்க்கும் பிள்ளைகளின் பணத்தைக் கரைப்பதோடு, அதன் பிறகும் மிக்ஸ் சரிவராதபோது 'எனக்குத்தான் காது இல்லை' என்று அவர்களை நினைக்க வைக்கிறது. அதனால்தான் இதை அழுத்தமாக மறுக்க வேண்டியிருக்கிறது.

காதின் மேல் எல்லையிலிருந்து தொடங்கலாம். 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் காது சிறுவயதில்தான் வாய்க்கும். நடுவயதில் 15,000 ஹெர்ட்ஸே பலருக்குக் கேட்காது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்தால் 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை முழுமையாக மீட்டுவிடலாம். அதிக மாதிரிகள் எடுத்தால் அலையின் 'படிக்கட்டு' நுணுக்கமாகும் என்பது திரையில் வரையப்படும் படத்தைப் பார்த்து உண்டான மயக்கம். ஸ்பீக்கரிலிருந்து வரும் அலையில் படிக்கட்டே கிடையாது. ஆய்வாளர்கள் மேயரும் மொரானும் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரத் தட்டின் ஒலியையும் அதையே சாதாரண சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மறைத்துவைத்து ஒலிக்கவிட்டார்கள். 554 முயற்சிகளில் 276தான் சரி. நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஜோஷுவா ரைஸ் 2016இல் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது சரியான விடைகள் 52 சதவீதத்தைச் சற்றுத் தாண்டின, பயிற்சி பெற்றவர்களிடம் 60 அளவில் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவ்வளவு மெல்லிய வேறுபாடு யாருடைய மிக்ஸையும் காப்பாற்றவும் போவதில்லை, கெடுக்கவும் போவதில்லை. டிஸ்டார்ஷன் பிளக்இன்கள் 96 கிலோஹெர்ட்ஸில் சுத்தமாக இயங்கும், 24 பிட்டில் பதிந்தால் லெவலை நிம்மதியாகக் குறைத்து வைக்கலாம் என்பவை உண்மைதான். அவை வேலைக்கான வசதிகள். காதின் எல்லையை அவை ஒரு ஹெர்ட்ஸ்கூட நகர்த்துவதில்லை.

உண்மையான சிக்கல் கீழ்ப்பகுதியில், அதாவது பேஸில் இருக்கிறது. அதை உண்டாக்குவது அறை. நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம்: அகலம் 10 அடி, நீளம் 12 அடி, உயரம் 10 அடி, நான்கு பக்கமும் பூசிய சுவர், மேலே கான்கிரீட். எதிரெதிரான இரு சுவர்களுக்கிடையே அரை அலைநீளம் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானாகவே முழங்கும். 10 அடிக்கு அது ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56இல் இரண்டு முழக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கிக் டிரம்மின் அடிநாதமும் பேஸ் கிடாரின் கீழ்ச்சுரங்களும் வந்து விழுவது இங்கேதான். சுவரோரம் நிற்பவருக்கு அது இடிபோல் கேட்கும். அறை நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அதே சுரம் அமுங்கிப்போகும். பேஸ் போதவில்லை என்று அவர் ஏற்றிவைக்கிறார், காரில் போட்டால் கண்ணாடி அதிர்கிறது. இத்தகைய அறைகளில் பேஸ் பகுதி 10 முதல் 20 டெசிபல் வரை ஏறி இறங்குவது சகஜம். நல்ல மானிட்டர்கள் இரண்டுக்கிடையே உள்ள வேறுபாடு அதன் பக்கத்தில்கூட வராது. யமஹா எச்எஸ்5 மானிட்டரின் விவரப் பட்டியலில் கீழ் எல்லை 54 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அது 10 டெசிபல் விழுந்த இடத்தின் கணக்கு, 3 டெசிபல் கணக்கில் பார்த்தால் 74தான். சின்ன மானிட்டரில் அடிபேஸ் குறைவு என்ற புகார் நியாயமானதே. ஆனால் 8 அங்குலம் வாங்கினால், அந்த அறை எங்கே தடுமாறுகிறதோ அதே 56இல்தான் கூடுதல் ஆற்றலைக் கொட்டுகிறோம். சுவரில் ஒட்டும் ஒரு அங்குல ஃபோம் இதற்கு உதவாது. 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டர். ஃபோம் மேல்சுரங்களை மட்டும் விழுங்கி, அறையை மந்தமாக்கிவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும்.

அறையைத் திருத்தும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். அது முழக்கத்தைத் தணிக்கும், பயன்படுத்துங்கள். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பிய அலை நேரடி அலையை அழிக்கும் இடத்தில் 10 டெசிபல் ஏற்றினால் திரும்பும் அலையும் 10 டெசிபல் ஏறி மறுபடி அழிக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து மடங்கு சுமை ஏறியதுதான் மிச்சம். ஹெட்ஃபோன் அறையை ஒதுக்கிவிடுகிறது என்பதும் சரி, பேஸைச் சரிபார்க்க அதுவே மலிவான வழி. புதிய மானிட்டரில் வித்தியாசம் தெளிவாகக் கேட்டது என்பதுதான் பலரும் சொல்லும் வாதம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஒரே ஸ்பீக்கர்களை, கண்ணுக்குத் தெரியும்படியும் திரைக்குப் பின்னால் மறைத்தும் மதிப்பிடச் சொன்னார்கள். தெரிந்தபோது மதிப்பெண்கள் தோற்றத்தையும் பெயரையும் ஒட்டிப் போயின. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றியதால் உண்டான நிஜமான வேறுபாட்டைக்கூட, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை. போதாததற்குப் புதுக் கருவியைச் சற்று உரக்கவே வைத்துக் கேட்போம். ஒலி கூடும்போது பேஸ் அதிகமாகவும் நிறைவாகவும் தோன்றும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

பெரிய ஸ்டுடியோக்கள் மானிட்டருக்குக் கொட்டிக் கொடுக்கவில்லையா? கொடுக்கின்றன, அதற்கு முன்பே அறையைக் கட்டிவிடுகின்றன. அப்படிக் கட்டிய அறைகளிலும் உலகெங்கும் கன்சோல் மேல் உட்கார்ந்திருந்தது யமஹா 1978இல் வீட்டு ஸ்பீக்கராகக் கொண்டுவந்த என்எஸ்-10தான். அதன் பேஸ் சன்னம், நடுச்சுரம் தூக்கலானது. ஆனால் மூடிய பெட்டி என்பதால் ஒலி சட்டென அடங்கும், அதன் குறைகள் பொறியாளர்களுக்கு மனப்பாடம். அதனால் அடுத்த மானிட்டருக்காகச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அரையடி கனத்தில் ராக்வூல் பலகைகள் செய்து மூலைகளில் நிறுத்துங்கள். நாற்காலியை நடுவிலிருந்து முன்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். ஒலியளவை ஒரே இடத்தில் குறித்துவைத்து, தெரிந்த பாட்டுகளைப் பக்கத்தில் போட்டு ஒப்பிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் 5 அங்குலம் போதவில்லை என்றால் தாராளமாகப் பெரியது வாங்கலாம்.