காப்பிக் கடையில் பறை கேட்கட்டும், கூலியும் கிடைக்கட்டும்

பெங்களூரில் சில காப்பிக் கடைகளில் இப்போது மாலை வேளைகளில் கிராமியப் பாட்டும் மேளமும் கேட்கின்றன. நாலு மேஜைகளை ஒதுக்கி, ஒரு மூலையில் ஒலிபெருக்கி வைத்து, கன்னட ஜானபதப் பாடகர்களையும் தமிழ்ப் பறையாட்டக் குழுக்களையும் அழைக்கிறார்கள். வரவேற்கத்தக்க மாறுதல்தான். ஆனால் கை தட்டிவிட்டு எழுந்து போவதோடு கேட்பவரின் கடமை முடிந்துவிடவில்லை. அடித்தவனுக்கும் பாடியவனுக்கும் அன்று இரவு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

பறையும் காப்பியும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தது அற்ப விஷயமல்ல. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சிற்றுண்டி விடுதிகளில் ஒரு காலத்தில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறு இடம் என்று பலகை தொங்கியது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் போராடி, 1941ல்தான் அந்தப் பலகை இறங்கியது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. பறையடிப்பவன் கடைக்கு வெளியே நின்று தனிக் குவளையில் குடித்துவிட்டு, அதைத் தானே கழுவி வைக்க வேண்டும். அவனுடைய பேரப்பிள்ளை இன்று நடுக்கூடத்தில் நின்று அடிக்கிறான். எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். காலம் மாறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

காப்பிக் கடையிலும் தொழிலாளியின் கதை ஒன்று உண்டு. 1936ல் பம்பாயில் தொடங்கப்பட்ட இந்தியா காப்பி ஹவுஸ்களை, பிற்பாடு காப்பி போர்டு மூட முற்பட்டது. வேலை இழந்த சிப்பந்திகள் ஏ. கே. கோபாலனின் துணையோடு 1957ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். அந்தச் சங்கங்களில் முதலாவது தோன்றியது இதே பெங்களூரில்தான். மகாத்மா காந்தி ரோட்டில் இருந்த கடை 2009ல் சர்ச் தெருவுக்கு மாறிய பிறகும் அது தொழிலாளர் கடையாகவே நடந்தது. நாற்று நடும்போதும் ஏற்றம் இறைக்கும்போதும் சுமை இழுக்கும்போதும் பிறந்தது கிராமியப் பாட்டு. உழைப்பவரின் பாட்டுக்குக் காப்பிக் கடை அந்நிய இடமல்ல.

கூலி என்று வரும்போதுதான் பேச்சு மாறுகிறது. "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும், நாலு பேர் பார்ப்பார்கள்" என்று சொல்லி அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முடிவில் ஒரு சால்வை, ஒரு தட்டு டிபன், ஒரு போட்டோ. வந்தவனோ பகலில் கட்டட வேலைக்கோ பெயிண்ட் வேலைக்கோ போகிறவன். ஆறு மணிக்கு மேளம் என்றால் மத்தியானமே வேலையை விட வேண்டும். அரை நாள் கூலி போயிற்று. மேளங்களை ஏற்றிவர ஆட்டோ வாடகையும் அவன் கைப்பணம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். அடித்தவன் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. சால்வையைப் போட்டு உலை வைக்க முடியுமா?

காப்பிக்கு விலை எழுதிப் பலகை மாட்டுகிறவர்களுக்குப் பாட்டுக்கு விலை பேசத் தெரியாதா? தொகையை முன்கூட்டியே பேச வேண்டும். அன்றிரவே கையில் கொடுக்க வேண்டும். கடைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், அன்றைய பில்லில் பாட்டுக்கென்று ஒரு தொகையைப் பகிரங்கமாகச் சேர்க்கட்டும். நல்ல பாட்டுக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் இந்த ஊரில் இல்லாமற் போகவில்லை. தொப்பியை நீட்டிச் சில்லறை வாங்குவது மட்டும் வேண்டாம். அது தானம், இது கூலி.

"சாவு மேளத்தைக் காப்பி குடிக்கிற இடத்திலா அடிப்பது?" என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. அவர்களில் தமிழர்களே பலர் என்பதுதான் வேதனை. பறை சாவுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. திருவிழாவுக்கும் ஊர் அறிவிப்புக்கும் பறைதான் முழங்கியது. மதுரை வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 2023ல், கர்நாடகத்தின் தமட்டைக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு அதே விருது கிடைத்தது. டில்லி மதித்த கலையை ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வெட்கப்படுவானேன்?

அதே சமயம், கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஒப்பாரி துக்கத்தில் பிறந்தது. ஒருத்தி தன் துக்கத்தை இழைத்துப் பாடுகிறபோது பக்கத்து மேஜையில் ஸ்பூன் சத்தமும் சிரிப்பும் கேட்டால் அது பாட்டுக்கும் மரியாதை அல்ல, பாடுகிறவளுக்கும் மரியாதை அல்ல. எந்தப் பாட்டை எங்கே பாடுவது என்பதைப் பாடுகிறவரே தீர்மானிக்கட்டும். தோல் பறை என்றால் அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். அதற்கு வாசலில் இடமும் கால்மணி அவகாசமும் கொடுப்பது பெரிய காரியமல்ல.

தமிழ்ப் பறையும் கன்னடத் தமட்டையும் உறவுக்கார வாத்தியங்கள். இரண்டுக்கும் வட்டச் சட்டம், இழுத்துக் கட்டிய தோல், இரண்டு குச்சி. 1991 முதல் சாக்கு மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அதற்குப் பதினெட்டு ஆண்டு ஆயிற்று. இரண்டு மேளக்காரர்களை ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த அத்தனை காலம் தேவையில்லை. ஒருவன் அடியை மற்றவன் வாங்கி அடிக்கும்போது மொழிபெயர்ப்பாளன் வேண்டியதில்லை.

இதில் பெங்களூர்த் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. தமிழர் நடத்தும் ஓட்டல்களும் மெஸ்களும் இந்த ஊரில் ஏராளம். சங்கங்களுக்கும் குறைவில்லை. பொங்கலுக்கு ஒரு நாள் மேளம் வைத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் டேப்பில் சினிமாப் பாட்டுப் போடுவதை விட்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையாவது ஒரு குழுவுக்கு இடமும் கூலியும் கொடுக்க அவர்களால் முடியும். சம்பள நாளை அடுத்த சனிக்கிழமையாகப் பார்த்து வைத்தால், குமாஸ்தாவும் கொத்தனாரும் குடும்பத்தோடு வருவார்கள்.