நான்காம் தரத்துக்கும் ஏழாம் தரத்துக்கும் நடுவே

பிள்ளைகளின் பார்வை கெடுவதற்குக் கைத்தொலைபேசியே காரணம் என்று திருகோணமலைப் பெற்றோரும் நம்பத் தொடங்கியிருக்கும் வேளையில், ஆய்வுகள் காட்டும் காரணம் அதைவிடச் சற்றுச் சிக்கலானது. விழிக்கோளம் முன்பின்னாக அளவுக்கு மீறி நீள்வதால், தூரப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும் குறைபாடே குறும்பார்வை எனப்படுகிறது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தொடங்கும் இக்குறைபாடு எவ்வளவு இளம் வயதில் தலைகாட்டுகிறதோ, அவ்வளவுக்குப் பின்னாளில் முற்றி, விழித்திரை விலகல் போன்ற ஆபத்துகளுக்கு வழிவிடுகிறது.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளியினரான ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், சிங்கப்பூரில் 29.1 சதவீதமானோருக்குக் குறும்பார்வை இருக்க, சிட்னியில் 3.3 சதவீதமானோருக்கு மட்டுமே அது இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாசிப்பில் குறைந்தவர்கள் அல்லர்; ஆனால் அவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 13.75 மணி நேரத்தை வெளியில் கழித்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ 3.05 மணி நேரத்தையே கழித்தார்கள். வலுவான வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து விழிக்கோளத்தின் நீட்சியைத் தடுக்கிறது என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வகுப்பறைக்குள் சில நூறு இருக்கும்போது திறந்த வெளியில் பத்தாயிரத்துக்கு மேலும், மரநிழலில்கூட ஆயிரக்கணக்கிலும் இருக்கும். ஆகவே கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெயிலைக் காட்டிப் பிள்ளையை வீட்டுக்குள் இருத்துவதில் நியாயமில்லை. பள்ளி வளவின் வேப்பமர நிழலே போதும்.

இங்கே பறிபோயிருப்பது பிற்பகல். ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் கைத்தொலைபேசி என்று நாள் இருட்டிவிடுவதால், டச்சுக் குடாக் கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பல பிள்ளைகளுக்கு அது வார இறுதிக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பின் படத்தை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கொப்பியில் எழுதிய பழக்கம், பள்ளிகள் திறந்த பிறகும் முற்றாக நீங்கவில்லை.

இப்படிக் கெடும் பார்வையைக் கண்டறிய வேண்டிய, இலங்கையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனையோ, 200 மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளில் 1, 4, 7, 10ஆம் தரத்துப் பிள்ளைகளுக்கே நடத்தப்படுகிறது. நான்காம் தரத்தில் தெளிவாகப் பார்த்த பிள்ளை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் புத்தகத்தில் குனிந்து கிடக்கும் காலத்தில் குறும்பார்வைக்கு ஆளானாலும், ஏழாம் தரம் வரை அதை எவரும் முறைப்படி அறியப்போவதில்லை. அதற்குள், கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் பழக்கம் கவனக்குறைவென்றோ சோம்பல் என்றோ பெயர் வாங்கிவிடும்.

ஆறு மீற்றர் தூரத்தில் தொங்கவிடும் எழுத்து அட்டையைக் கொண்டு, சிறு பயிற்சி பெற்ற வகுப்பாசிரியரே பார்வைச் சோதனையைச் செய்துவிடலாம். திருகோணமலை, கிண்ணியா, மூதூர் வலயக் கல்வி அலுவலகங்கள் சுகாதார வைத்திய அதிகாரிகளுடன் இணைந்து, ஐந்தாம், ஆறாம் தரங்களுக்கு வரும் ஆண்டின் முதல் தவணையிலேயே இதைத் தொடங்க வேண்டும்.